அரை டன் டிரக், 32 அடி டிரெய்லர்: வயோமிங் காற்றில் ஒரு தம்பதி (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் காலின்ஸ் நகரில் வசிக்கும் ஓய்வுபெற்ற அமெரிக்கத் தம்பதி இவர்கள். கணவர் பள்ளிகளில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவர். மனைவி ஒரு பல் மருத்துவமனையில் கணக்கு எழுதியவர். எங்கள் தெருக்காரர்கள். நானும் சிறிய டிரெய்லர் (வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்று வைத்திருப்பதால், எடைச் சீட்டுகளைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார்கள். அப்படித்தான் இந்த விவரங்கள் என் கைக்கு வந்தன. பெயர் போடாமல் எழுதிக்கொள்ள இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். எடைகளெல்லாம் அந்த ஊர் வழக்கப்படி பவுண்டில் இருக்கின்றன; ஒரு கிலோ என்பது சுமார் 2.2 பவுண்ட்.

அவர்களிடம் ஏற்கெனவே ஓர் அரை டன் டிரக், அதாவது பின்னால் திறந்த சரக்குத் தொட்டி கொண்ட பிக்கப் வண்டி, இருந்தது. ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவ்ரோலே சில்வராடோ 1500 எல்லாம் இந்த வகைதான். விற்பனைக் கையேட்டில் அந்த டிரக்கின் இழுதிறன் 11,200 பவுண்ட் என்று போட்டிருந்தது. 2022 வசந்தத்தில் 32 அடி டிராவல் டிரெய்லர் ஒன்றைப் பார்த்தார்கள். காலி எடை 7,040 பவுண்ட். சாமான் ஏற்றிய பிறகு இருக்கலாம் என்று அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 8,800. விற்பனையாளர் இரண்டு எண்களையும் ஒரு தாளில் எழுதிக் கழித்துக் காட்டினார்: "இன்னும் நாலாயிரம் பவுண்டுக்கு மேல் கையிருப்பு இருக்கிறது." அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டார்கள்.

கணக்கில் பிழை கிடையாது. பார்க்க வேண்டிய கணக்குதான் வேறு.

யாரும் படிக்காத சீட்டு

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று அதில் இருக்கும். இதைத்தான் பேலோட் என்கிறார்கள். கையேட்டு எண் மாதிரி இல்லை இது. அந்தக் குறிப்பிட்ட வண்டி எந்த எஞ்சின், எந்த இருக்கை, எந்தக் கூரையோடு தொழிற்சாலையை விட்டு வந்ததோ, அதற்கென்று அச்சடிக்கப்பட்டது. இவர்கள் டிரக்கில் இருந்த எண் 1,540.

டிரெய்லரின் மொத்த எடை டிரக்கின் மேல் உட்காருவதில்லை. ஆனால் கொக்கி வழியாக ஒரு பங்கு உட்காரும். டிராவல் டிரெய்லரில் அந்தப் பங்கு மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும். இதற்கு டங் வெயிட் என்று பெயர். அது பேலோடிலிருந்துதான் கழியும். அதே பேலோடிலிருந்து ஆட்கள், நாய், டிரக் தொட்டியில் இருக்கும் ஜெனரேட்டர், விறகு, சைக்கிள், ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி அமைப்பு) எல்லாமும் கழிய வேண்டும்.

இழுதிறனைச் சொல்லும் எஸ்ஏஇ ஜே2807 என்ற அளவுமுறை நேர்மையானதுதான். அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகிலுள்ள நெடும் ஏற்றத்தைக் கொளுத்தும் வெயிலில் ஏசி போட்டுக்கொண்டு ஏறுவதை அது அளவுகோலாக வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் ஓட்டுநரும் இன்னொருவரும் மட்டுமே. நாய் கிடையாது, விறகு கிடையாது. விற்பனைக் கூடத்தில் இதை எடுத்துச் சொல்பவர் அரிது. சொன்னால் விற்பனை சுருங்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதல் எடை

முதல் இரண்டு சிறு பயணங்களில் டிரக்கின் பின்பக்கம் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து நின்றதைக் கவனித்தது மனைவிதான். எதிரே வருபவர்கள் ஹெட்லைட்டை மினுக்கி மினுக்கிக் காட்டினார்களாம். ஹை பீமில் போகிறார் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

ஜூன் மாதம் ஐ-25 நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு டிரக் ஸ்டாப்பில் இருந்த கேட் (CAT) நிறுவனத்தின் எடை மேடைக்குப் போனார்கள். இந்த மேடை மூன்று பலகைகளாக இருக்கும்: டிரக்கின் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சுகள் ஒவ்வொன்றும் தனித்தனிப் பலகையில் நிற்கும். மூன்று முறை எடை போட்டார்கள்: கொக்கியில் ஸ்பிரிங் பார் (பாரத்தை முன் சக்கரங்களுக்கும் பகிரும் கம்பி) மாட்டிய நிலையில், பாரைக் கழற்றிவிட்டு, பிறகு டிரெய்லரை ஓரமாக நிறுத்திவிட்டு டிரக்கை மட்டும். சீட்டுகள் சொன்னவை இவை.

டிரக் மட்டும்: முன் 3,250, பின் 3,140.
டிரெய்லரோடு, பார் இல்லாமல்: முன் 2,760, பின் 4,660, டிரெய்லர் அச்சுகள் 7,060.
டிரெய்லரோடு, பார் மாட்டி: முன் 2,960; பின் 4,360; டிரெய்லர் அச்சுகள் 7,160.

அச்சுகளின் 7,060-உம் டிரக்கில் கூடிய 1,030-உம் சேர்த்து டிரெய்லர் முழுசாக 8,090 பவுண்ட் இருந்தது. டங் வெயிட் 1,030. அதாவது 13 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. அது இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. டிரெய்லர் கையேட்டில் டங் வெயிட் என்று போட்டிருந்த 790 என்பது பேட்டரி, கேஸ், சாமான் எதுவும் ஏறாத காலி டிரெய்லரின் எண்.

சிக்கல் டிரக்கில். அதன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 7,050. பார் மாட்டிய பிறகும் 7,320 இருந்தது. பின் அச்சின் வரம்பு 4,050, இருந்தது 4,360. முன் அச்சு தன் சுமையில் 290 பவுண்டை இழந்திருந்தது. சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டையை ஏற்றினால் ஹேண்டில் லேசாகிப்போகுமே, அதே கதை. இழந்ததை முன் சக்கரத்துக்குத் திருப்பித் தருவதுதான் ஸ்பிரிங் பாரின் வேலை. இவர்களுடையது தளர்வாக மாட்டப்பட்டிருந்ததால் பாதியைக்கூடத் திருப்பவில்லை.

ஜூலை: எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

கணவருக்கு எண்கள் புரிந்தன. டிரக்கின் மேல் சுமை அதிகம், அதைக் குறைக்க வேண்டும்: இதுதான் அவர் எடுத்துக்கொண்ட பாடம். புதிய டிரக் வாங்க அப்போது மனமில்லை. கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்கு இடம் பதிவாகியிருந்தது. எனவே டிரக் தொட்டியிலிருந்த சைக்கிள், ஜெனரேட்டர், விறகு என 220 பவுண்ட் சாமானை டிரெய்லரின் பின்பக்கத்துக்கு மாற்றினார். சைக்கிள்களுக்குப் பின் பம்பரில் ஒரு ஸ்டாண்ட் போட்டார். டிரெய்லரின் முன்னறையிலிருந்த மடக்கு நாற்காலிகளும் கருவிப்பெட்டியும் பின்னால் போயின. போகிற இடத்தில் குழாய் இணைப்பு இல்லை என்பதால் நல்ல தண்ணீர்த் தொட்டியையும் வீட்டிலேயே நிரப்பினார்: 46 கேலன், கிட்டத்தட்ட 385 பவுண்ட். அந்தத் தொட்டி அச்சுகளுக்குப் பின்னால் இருந்தது.

வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒழுங்கானது போலத் தெரிந்தது. டிரக்கின் மூக்கு இறங்கியது, பின்பக்கம் நிமிர்ந்தது. இரண்டும் மட்டமாக நிற்பதைக் கணவர் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். எடை மேடைக்கு மறுபடி போகவில்லை.

எல்க் மவுண்டன் அருகில்

ஃபோர்ட் காலின்ஸிலிருந்து 287-ஆம் எண் சாலையில் லாரமி. அங்கிருந்து மேற்கே ஐ-80. வயோமிங்கில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையே ஆர்லிங்டன், எல்க் மவுண்டன் பகுதி காற்றுக்குப் பேர்போனது. உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடும் வழக்கமே அங்கே உண்டு. அன்று மூடவில்லை, காற்று எச்சரிக்கை மட்டும் பலகையில் ஓடியது. காலை பதினொன்று மணி இருக்கும்.

68 மைல் வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு பெரிய லாரி முந்தியது. அதன் முகப்புத் தள்ளிய காற்று டிரெய்லரின் பின்பக்கத்தை ஓரத்துக்குத் தள்ளியது. லாரி கடந்து போன கணத்தில் பக்கவாட்டுக் காற்று மறுபடி அடித்தது. டிரெய்லர் ஒரு தரம் வலப்பக்கம், ஒரு தரம் இடப்பக்கம், அடுத்த தரம் முன்னைவிட அகலமாக வாலாட்டத் தொடங்கியது. டிரக்கின் பின்பக்கமும் கூடவே இழுபட்டது. பக்கவாட்டுக் கண்ணாடியில் டிரெய்லரின் முழு நீளமும் தெரிந்ததாகவும், அது தெரியவே கூடாத காட்சி என்றும் மனைவி சொன்னார்.

கணவர் பிரேக்கை மிதிக்கவில்லை. ஸ்டீயரிங்கை எதிர்த்துத் திருப்பவும் இல்லை. காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, டேஷ்போர்டில் இருந்த டிரெய்லர் பிரேக் நெம்புகோலைக் கையால் அழுத்தினார். அது டிரக்கின் பிரேக்கைத் தொடாமல் டிரெய்லர் சக்கரங்களை மட்டும் பிடிக்கும். வால் இழுபட்டு நேராகும். இரண்டு மூன்று நொடிகளில் ஆட்டம் தணிந்தது. இதைத் தெருவில் வெறும் வண்டியோடு ஒரு நாள் பழகிப் பார்த்திருந்தார். அந்தப் பழக்கம் மட்டும் இல்லையென்றால் இந்த ஆய்வு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கும். பதற்றத்தில் டிரக் பிரேக்கை மிதித்தால் டிரக் வேகம் குறைய, பின்னாலிருந்து டிரெய்லர் தள்ளும்; ஆட்டம் இன்னும் கூடும்.

அங்கிருந்து 45 மைலில் ஊர்ந்து ராலின்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே ஒரு டிரக் ஸ்டாப்பில் எடை போட்டு, சீட்டைப் படம் எடுத்து அனுப்பினார்கள்.

ராலின்ஸ் சீட்டு

டிரக் மட்டும் 6,170. டிரெய்லரோடு, பார் இல்லாமல், டிரக் 6,860. டிரெய்லர் அச்சுகள் 8,000.

டிரக் 7,050 என்ற தன் வரம்புக்குள் வந்துவிட்டது. டிரெய்லரும் 8,690-இல் தன் வரம்புக்குள்தான். ஆனால் டங் வெயிட் 690-ஆக இறங்கியிருந்தது. டிரெய்லர் எடையில் 8 விழுக்காடுகூட இல்லை. தாளில் ஒரு வரம்பும் மீறப்படாத வண்டிதான் சாலையில் வாலாட்டியது.

பின்பாரம் மிகுந்த டிரெய்லர் ஆட்டத்தைத் தானே வளர்க்கும். ஊசல் மாதிரி, பின்கோடியில் தொங்கும் எடை ஒவ்வொரு அசைவையும் நீட்டிவிடும். சைக்கிள் ஸ்டாண்ட் எடையால் சின்னது. ஆனால் அச்சிலிருந்து அதிகத் தொலைவில் இருந்ததால் அதன் தீங்கு பெரியது. முன்னே இருந்த நாற்காலிகளைப் பின்னே கொண்டுபோனதில் இரண்டு வழியில் நட்டம்: முன்னே அழுத்தியது போயிற்று, பின்னே தூக்குவது வந்து சேர்ந்தது. தண்ணீர் தன் பங்குக்கு மொத்த எடையையும் ஏற்றிவிட்டது. வேகமும் சேர்ந்தது. டிரெய்லர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கே செய்யப்படுகின்றன. டயர் ஓரத்தில் அந்த எழுத்தைப் படித்துப் பார்க்காதவர்களே அதிகம்.

அன்று மாலை தொலைபேசியில் பேசி எடுத்த முடிவுகள் இவை. தண்ணீரை முழுக்க வெளியேற்றுவது. சைக்கிளும் ஜெனரேட்டரும் டிரக்குக்குத் திரும்புவது. நாற்காலி, கருவிப்பெட்டி மறுபடி முன்னறைக்குப் போவது. விறகை அங்கேயே கொடுத்துவிடுவது. ஸ்பிரிங் பார் சங்கிலியில் ஒரு கண்ணி இறுக்குவது. கடைசியைச் செய்தபோது முன் சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்து, ஃபெண்டரில் மாஸ்க்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் அந்த அளவை எழுதிக்கொண்டார்கள். டிரெய்லர் மாட்டிய பிறகு வளைவின் உயரம் அந்த அளவை ஒட்டி வர வேண்டும்.

இப்படிச் செய்தால் டிரக் மறுபடி வரம்பைத் தாண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். சற்றே மிகைப் பாரம் ஏறிய டிரக், வாலாட்டும் டிரெய்லர் இரண்டில் ஒன்றைத்தான் அந்த இரவு தேர்ந்தெடுக்க முடிந்தது. முதலாவதை, 55 மைல் வேகத்தோடும் விடியற்காலைக் காற்றடங்கலோடும் ஏற்றுக்கொண்டார்கள். கிராண்ட் டீட்டனைக் கைவிட்டார்கள். போகும் வழியில் 9,600 அடிக்கு மேல் உள்ள டோக்வொட்டி கணவாய் இருக்கிறது. பின் அச்சு வரம்பு மீறிய டிரக்கோடு அந்த இறக்கத்தை இறங்க வேண்டாம் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டார். லேண்டர் ஊரிலேயே டிரெய்லரை நிறுத்தி, டிரக்கில் மட்டும் சுற்றிவிட்டுத் திரும்பினார்கள்.

குளிர்காலம்: மூன்று வழிகள்

ஒன்று, சிறிய டிரெய்லர். 8 மாதமே ஆன டிரெய்லரைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் விலையைக் கேட்டதும் அந்தப் பேச்சு நின்றது.

இரண்டு, ஃபிஃப்த் வீல் என்ற வேறு வகை டிரெய்லர். ஆட்டத்தைக் கண்டு பயந்த கணவருக்கு இதில்தான் கண். காரணமும் சரியானதே. ஃபிஃப்த் வீல் டிரக்கின் பின் பம்பரில் தொங்காது. தொட்டிக்குள், பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னே, கிங்பின் என்ற முளையால் பூட்டிக்கொள்ளும். காற்று தள்ளினாலும் டிரக்கின் பின்பக்கத்தைப் பக்கவாட்டில் இழுக்க அதற்கு நெம்பு கிடைக்காது. திருப்பங்களிலும் பின்னோக்கி நிறுத்தும்போதும் அதன் நடை வேறு.

ஆனால் டிரக்கின் மேல் அது வைக்கும் பாரம் 20 விழுக்காட்டை ஒட்டியோ மேலேயோ இருக்கும். "அரை டன் டிரக்கே இழுக்கும்" என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒன்றைப் பார்த்தார்கள். காலியாக இருக்கும்போதே கிங்பின் வழியாக 1,300 பவுண்ட் பாரம். சாமானோடு 9,000 ஆனால் 1,800 வரும். அதோடு தொட்டியில் பூட்டும் ஹிட்ச் தனி. 1,540 பேலோட் உள்ள டிரக்கில் ஓட்டுநரே இறங்கி நடந்தாலும் கணக்கு ஒட்டாது. இவர்களுடைய டிரக்கின் தொட்டி ஐந்தரை அடிதான் என்பதால், திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு கேபினில் இடிக்காமலிருக்கப் பின்னுக்கு நகரும் ஸ்லைடர் ஹிட்ச்சும் தேவைப்படும்.

முடிவாக அதைத் தள்ளியது எடை அல்ல. படுக்கையறைக்கு ஏறும் படிகள்! மனைவிக்கு முழங்கால் அறுவை நடந்திருந்தது. இரவில் இரண்டு முறை இறங்கி ஏற முடியாது என்றார். டிரெய்லர் கடையில் அவர் ஏறி இறங்கிக் காட்டிய பிறகு கணவர் மறுபேச்சு பேசவில்லை.

மூன்று, முக்கால் டன் டிரக். இங்கேயும் ஒரு பொறி. டீசல்தான் இழுவைக்கு என்று எல்லாரும் சொன்னார்கள். முறுக்கு விசையில் சந்தேகமில்லை. ஆனால் டீசல் எஞ்சின் கனமானது, இந்த வகை டிரக்குகளின் மொத்த எடையோ பெரும்பாலும் 10,000 பவுண்டை ஒட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. மேல்தட்டு வசதிகளோடு நின்ற ஒரு டீசல் டிரக்கின் கதவுச் சீட்டில் 2,060 என்றே இருந்தது. பக்கத்தில் நின்ற, அதே வகையில் சாதாரணமான பெட்ரோல் டிரக்கில் 2,850. தோல் இருக்கையும் திறக்கும் கூரையும் பேலோடைத் தின்கின்றன. கதவு கதவாகத் திறந்து சீட்டைப் படித்தது மனைவி. விற்பனையாளர் அதைச் சற்று விநோதமாகப் பார்த்தாராம்.

2023 மார்ச்சில் பெட்ரோல் டிரக்கை வாங்கினார்கள்.

பின்னர்

மே மாதம் மறுபடி அதே எடை மேடை. டிரெய்லர் 8,200, டங் வெயிட் 1,090, 13 விழுக்காட்டைச் சற்றுத் தாண்டியது. ஆட்கள், நாய், சாமான், ஹிட்ச், டங் எல்லாம் சேர்த்து டிரக்கின் மேல் 1,970. வரம்புக்கு இன்னும் 880 பவுண்ட் மிச்சம். டயர்களும் தடித்த பக்கச்சுவர் கொண்ட எல்டி (லைட் டிரக்) வகை.

ஜூலையில் அதே ஐ-80 வழியாக, காலை ஆறரைக்குள் எல்க் மவுண்டனைத் தாண்டும்படி கிளம்பினார்கள். 62 மைலுக்கு மேல் போகவில்லை. லாரிகள் முந்தும்போது ஒரு தள்ளல் உணர்ந்ததாகச் சொன்னார்கள், வாலாட்டம் இல்லை. செப்டம்பரில் ஐ-70-இல், 11,000 அடிக்கு மேல் இருக்கும் ஐசன்ஹோவர் சுரங்கம் வழியாகவும் போய் வந்தார்கள். டர்போ இல்லாத எஞ்சின் அந்த உயரத்தில் மூச்சு வாங்கியது. வலது தடத்தில் லாரிகளோடு 40 மைலில் ஏறினார்கள். இறக்கத்தில் இழுவைக்கென்று உள்ள டோ-ஹால் மோடில் கியர் தானே இறங்கிப் பிடித்ததால் பிரேக்கை அவ்வப்போதுதான் தொட வேண்டியிருந்தது.

எல்லாம் இனிப்பில்லை. டிரெய்லரோடு ஒரு கேலனுக்கு 9 மைலைத் தாண்டுவதில்லை. டிரக் கராஜில் நுழையவில்லை. வெறும் வண்டியாகக் கடைக்குப் போகும்போது ஒவ்வொரு குழியும் முதுகில் தெரிகிறது என்கிறார் கணவர். பழைய டிரக்கை விற்றதில் நட்டம். முதலிலேயே 6,000 பவுண்டுக்குள் ஒரு டிரெய்லர் பார்த்திருந்தால் அரை டன் டிரக்கே போதுமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து. அவர்கள் இருவரும் அதை முழுக்க ஏற்கவில்லை. அந்த டிரெய்லரின் பின் ஜன்னல் அவர்களுக்கு அவ்வளவு பிடிக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இவர்களிடம் கேட்டபோது முதலில் வந்த பதில், டிரெய்லர் பார்க்கப் போகும் முன் வீட்டு வாசலிலேயே கதவுச் சீட்டைப் படித்திருக்க வேண்டும் என்பது. ஆட்கள், நாய், வழக்கமான சாமான், ஹிட்ச்சுக்கு 100 பவுண்ட் இவற்றைக் கழித்தால் டங்குக்கு எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துவிடும். இவர்களுக்கு அது 660. டிரெய்லரின் காலி எடையை விட்டுவிட்டு, உச்ச எடையில் 13 விழுக்காட்டை அந்த மிச்சத்தோடு ஒப்பிட்டிருந்தால் 8,800-க்கு 1,140 தேவை என்று கடையிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்தது, சாமானை இடம் மாற்றிய பிறகு மறுபடி எடை போடாதது. ஒரே நாளுக்குள் இரண்டாம் முறை போட்டால் கேட் மேடையில் கட்டணமும் குறைவு. ஜூன் மாதச் சீட்டை நம்பி ஜூலையில் கிளம்பியதுதான் நடுவே நேர்ந்த பிழை. அந்த ஜூன் சீட்டுகளை எண்ணால் மட்டும் படித்து, "பாரத்தைக் குறை" என்று நானும் அவர்களும் பேசிக்கொண்டிருந்தோமே தவிர, எங்கிருந்து எங்கே குறைப்பது என்று யாரும் பேசவில்லை.

தண்ணீரை இப்போது போய்ச் சேரும் ஊருக்கு அருகில் நிரப்புகிறார்கள். இன்னொரு டிரெய்லர் வாங்கும் நாள் வந்தால், சோபாவையும் அடுப்பையும் பார்க்கும் முன் கீழே குனிந்து தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று பார்ப்பேன் என்கிறார் கணவர். அந்த வேலைக்கு முழங்காலிட வேண்டியிருப்பதால் அது அவர் பங்கு. கதவுச் சீட்டு மனைவியின் பங்கு.